அழைப்புக் கொட்டு

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டோம். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வருகிறது.

குர்லாவில் இன்று மெட்டல் இசைப் போட்டியின் முதல் சுற்று. பதினெட்டுக் குழுக்கள் வந்திருந்தன. எனக்குத் தம்பி முறையாகும் ராஜபாண்டி கிட்டார், ஆஷிக் டிரம்ஸ், நான் குரல். மூன்றே பேர், ஆனாலும் கூரை பறக்கிற மாதிரி வாசித்தோம். நான் பாட்டை உறுமி முடித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் குர்தாவும் பின்னலும் போட்ட ஒரு பொம்பளையிடமிருந்து அந்தச் சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்க்கட்டும்.

தாடி வைத்த நடுவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "கைத்திறமை அபாரம். ஸ்வீடன்காரன் வாசிக்கிற மாதிரியே இருக்கு. ஆனா இதுல இந்தியா எங்கே? பைனலுக்கு வரும்போது கொஞ்சம் இந்தியாவைக் கொண்டு வாங்க. சிதார், தபலா, அந்த மாதிரி ஏதாவது."

ராஜபாண்டி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜெயிக்கிற குழுவுக்குப் பெங்களூர் இசைத் திருவிழாவில் பெரிய மேடை. வெளிநாட்டுக் குழுக்களுக்கு நடுவில் 'வல்லயம்' என்ற எங்கள் குழுவின் பெயர். சுடலை மாடன் கையில் பிடித்திருக்கிற ஈட்டியின் பெயர் அது. எனக்கு அந்த மேடை வேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன், வெட்கப்படாமல். வேண்டும்.

12 பிப்ரவரி

மூன்றாம் வகுப்பில் கூச்சல். ஒரே ஒரு உறுமல் உறுமினேன். கப்சிப். அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "விஜயராணி மேடம், ஏதும் பைப் உடைஞ்சுட்டா?" என்றார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆஷிக் வீட்டுத் தோல் பட்டறையில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது. சுவர் ஓரம் அடுக்கி வைத்த தோலெல்லாம் சத்தத்தைக் குடித்துக்கொள்ளும், தாராவியில் இதைவிட நல்ல ஸ்டுடியோ எங்கே கிடைக்கும்? தோல் நாற்றம் பழகிவிட்டது. துணியில் ஒட்டிக்கொண்டு வருவதால் அம்மாதான் மூக்கைச் சுளிக்கிறாள்.

ராஜபாண்டி போனில் சிதார் சத்தம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பாட்டுக்கு நடுவில் அதை ஓடவிடலாமாம். டொய்ங் டொய்ங் என்று. கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

இந்தியா என்றால் சிதார் என்று யார் முடிவு செய்தது? நான் மாட்டுங்காவில் இரண்டு வருஷம் வாய்ப்பாட்டுக்குப் போனவள். குரல் கட்டை என்று நிறுத்திவிட்டார்கள், அது போகட்டும். ஆனால் அந்தச் சபாவில் தனி ஆவர்த்தனம் கேட்டிருக்கிறேன். மிருதங்கக்காரர் கணக்கைப் பிரித்து மேய்ந்து, வேகம் ஏற்றி ஏற்றி, கடைசியில் வந்து இறங்குகிற இடத்தில் மாமாக்களெல்லாம் தொடையில் தட்டி 'அடடா' என்பார்கள். ஆஷிக் இரட்டைப் பெடலில் முடிக்கும்போது நம் ஆட்கள் தலையைச் சுழற்றுகிறார்கள். அங்கே உட்கார்ந்து ரசிக்கிறார்கள், இங்கே நின்று ரசிக்கிறார்கள். கணபதிக்கு டோல் அடித்து வருகிறவர்கள் காதைக் கிழிக்கவில்லையா? மாஹிம் தர்காவில் கவ்வாலிக்காரர் ஒரே ஒரு சொல்லை இழுத்து இழுத்து, கேட்கிறவன் எழுந்து நின்று ஆடுகிறவரை விடுவதில்லையே, அது என்ன தாலாட்டா? எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அம்மா மாரடித்து ஒப்பாரி வைப்பாளே, அதைவிடவா நான் கொடூரமாகப் பாடுகிறேன்? இந்த நாட்டில் எந்தப் பாட்டில் சத்தம் இல்லை, எதில் வேகம் இல்லை, எதில் சாவு இல்லை?

எல்லாவற்றையும் கத்தித் தீர்த்தேன். ராஜபாண்டி அசரவில்லை.

"ராணிக்கா, லெக்சரெல்லாம் ஸ்கூல்ல குடுங்க. நமக்கு ஜெயிக்கணும். ரெண்டு நிமிஷம் சிதார் போட்டா செத்தா போயிருவோம்?"

"செத்துருவோம்லே" என்றேன்.

ஆஷிக் தோல் வெட்டுகிற பலகை முன்னால் குத்தவைத்து, இரண்டு கட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. ஒரு அடி முன்னால் வரும், ஒரு அடி பின்வாங்கும், மறுபடி இரண்டு அடி முன்னால். எனக்கு முதுகில் சிலிர்த்தது.

"இது என்னதுன்னு தெரியுதா?" என்றான்.

தெரியாமலா? அப்பாவுக்குச் சாமி வருகிற கொட்டு. சுடலைக்குக் கொடைத் திருவிழா நடக்கிற மைதானத்துக்கும் ஆஷிக் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் கேட்டு வளர்ந்திருக்கிறான்.

"இத அப்படியே ஸ்பீட் ஏத்துனா நம்ம மெட்டல்ல அடிக்கிற பிளாஸ்ட் பீட்தான், ராணி. ஒண்ணுமே சேக்க வேண்டாம்."

ராஜபாண்டி போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தான்.

19 பிப்ரவரி

குளியலறையில் உறுமிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏளா, தொண்டையில ஆடு கீடு மாட்டிக்கிட்டா?"

அம்மா சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஈரத் தலையோடு வெளியே வந்து கேட்டேன். "கொடையில நீங்க பேசுத குரல் மட்டும் என்னவாம்? இதே குரல்தான?"

அப்பா டாக்ஸி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். தாராவியில் எங்கள் ஆட்கள் எடுக்கிற சுடலை கொடைக்கு அவர்தான் கோமரத்தாடி. சாமி அவர்மேல்தான் இறங்கும். மற்ற நாளெல்லாம் மீட்டர் போட்டு வண்டி ஓட்டுகிற பிச்சையா, அன்றைக்கு மட்டும் ஊரே கும்பிட்டு நிற்கிற ஆள்.

"அது நான் பேசுதது இல்ல. சாமி பேசுது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ என்ன, சாமியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எட்டு வருஷமாகப் பாடுகிறேன். ஒரு தடவை வந்து கேட்டதில்லை. இரவு வீடு திரும்ப முடியாத இடமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார், வெளியிலேயே நிற்பார். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று யாரிடம் நடிக்க?

2 மார்ச், ஞாயிறு

பாட்டு முடிந்தது. பிரமாதம்! நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்.

மெட்டல்காரர்கள் பிணம், சுடுகாடு, எலும்பு என்று பாடினால் உலகமே அதிர்ச்சி அடைகிறது. பத்திரிகையில் எழுதுகிறார்கள், பாதிரியார்கள் கண்டிக்கிறார்கள். எங்கள் சாமி குடியிருப்பதே சுடலையில். நிணம் தின்ற கதையை விடிய விடியப் பாட்டாகக் கேட்டுக்கொண்டே குழந்தைகள் மடியில் தூங்கும். அவர்களுக்குப் பயங்காட்டுகிற விஷயம், எங்களுக்கு வீட்டுப் பெரியவர் பெயர். இதைத்தான் பாட்டில் வைத்திருக்கிறேன்.

ரமலான் நோன்பு தொடங்கிவிட்டது. ஆஷிக் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடிக்கிறான். முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்தபடி, "ராணி, இந்தக் கொட்ட நாம எடுக்கலாமா? மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவமா?" என்றான். என் அப்பாவைத்தான் மாமா என்பான்.

"கொட்டு என்ன, அவுக வாங்கிப் போட்ட சொத்தா?" என்றேன்.

"அதுக்கு இல்ல. இது அழைப்புக் கொட்டு. ஆரம்பிச்சா, சாமி வந்து மலையேறுத வரைக்கும் நிப்பாட்டப்படாதும்பாகளே."

அது கோவிலில். இறுதிச் சுற்று அரங்கத்தில் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், விதிமுறையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. செம்பூர் அரங்கத்துக்குச் சாமி எங்கிருந்து வரப்போகிறது என்று சொல்லிச் சிரித்தேன். ராஜபாண்டியும் சிரித்தான்.

10 மார்ச்

தொண்டை கட்டிவிட்டது. அம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "பேய் மாதிரி கத்துததுக்கு வைத்தியம் வேற." கொடுக்காமல் இருக்கவில்லை, பார்த்தாயா.

22 மார்ச், சனி

நாளை இறுதிச் சுற்று. ஹார்பர் லைனில் மெகா பிளாக், ரயில் ஓடாது. ஆஷிக்கின் பெடல், சிம்பல் எல்லாம் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அப்பாவே, "வண்டியில வாங்க, கொண்டுபோய் விடுதேன்" என்றார். அதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு. எவ்வளவு சீப்பாகிவிட்டேன்!

24 மார்ச், திங்கள்

பள்ளிக்கு விடுப்பு. சுத்தமாகக் குரல் இல்லை. எழுதத்தான் முடியும், எழுதுகிறேன்.

செம்பூரில் இறக்கிவிட்டு அப்பா வழக்கம்போல, "முடிஞ்சதும் போன் போடு. உள்ள வந்து அந்தக் கருமத்தக் கேக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றார். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

எங்கள் முறைதான் கடைசி. இருட்டப்போகிற நேரம். நோன்பு திறக்கிறதற்குள் முடிந்துவிடும் என்று ஆஷிக் பேரீச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினான். முதல் இரண்டு பாட்டும் இடி. அரங்கம் முழுக்கக் கறுப்புச் சட்டைகள், குதியோ குதி. தாடிக்கார நடுவர்கூடத் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு ஆஷிக் தனியாகத் தொடங்கினான். அழைப்புக் கொட்டு. மெதுவாக ஆரம்பித்து ஏறியது. ராஜபாண்டியின் கிட்டார் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. நான் உறுமினேன். பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்தபோது, கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில், கதவோரம் ஒரு வெள்ளைச் சட்டை.

அப்பா.

கழிவறை தேடி உள்ளே வந்தாராம், காவலாளி பிறகு சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது. வந்துவிட்டார், என் பாட்டைக் கேட்க வந்துவிட்டார் என்று இன்னும் உரக்க உறுமினேன். அடுத்த நிமிஷம் அவர் காலைப் பார்த்தேன். குதிகால் நடுங்கியது. நடுக்கம் முழங்காலுக்கு ஏறியது. கொடைக்கூட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித் தர வேண்டாம்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆஷிக் என்னைப் பார்த்தான். அவனும் மாமாவைப் பார்த்துவிட்டான். இன்னும் நாலே அடியில் பாட்டு முடிய வேண்டும். முடித்தால் பெங்களூர். ஆனால் பாதியில் கொட்டு நின்றால் அந்த மனுஷன் என்ன ஆவார்? இறங்குகிற சாமியை நடுவழியில் விட்டால் ஆள் விழுந்து கிடப்பார், நாள் கணக்கில் எழ மாட்டார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அழைத்தது நான். யோசிக்க என்ன இருக்கிறது?

நிறுத்தாதே என்று தலையசைத்தேன்.

"டைம் ஹோ கயா, அக்கா!" என்று ராஜபாண்டி கத்தினான். பிறகு அவனும் பார்த்தான். "அய்யோ, பெரியப்பா" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கு மேல் அவனுக்கு அந்த மேடை வேண்டும். ஆனாலும் கை நிற்கவில்லை. என் தங்கமான தம்பி!

போட்டிக்காரர்கள் கையைக் காட்டினார்கள், விசில் அடித்தார்கள், கடைசியில் மின்சாரத்தை அணைத்தார்கள். கிட்டார் செத்தது. மைக் செத்தது. டிரம்ஸுக்கு எதற்கு மின்சாரம்? என் தொண்டைக்கு எதற்கு? மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் உறுமினேன். அதற்கு மேல் என்னை அறியாமல் குலவை போட்டேன்.

அப்பா ஆடிக்கொண்டே நடுவுக்கு வந்தார். கறுப்புச் சட்டைப் பையன்கள் தாமாகவே விலகி வட்டம் போட்டார்கள். முட்டி மோதி ஆட அவர்கள் எப்போதும் போடுகிற அதே வட்டம். இரும்புத் தடுப்பில் அவர் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பேர் கையை விரித்துக் காவல் நின்றார்கள். மராட்டிப் பையன்கள், மலையாளிப் பையன்கள், என்ன நடக்கிறதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கள் தெரு இளவட்டங்கள் கொடையில் செய்வதை அப்படியே செய்தார்கள்.

மேடைக்கு முன்னால் வந்து நின்றார். "யாரு என்னைய அழைச்சது?"

அந்தக் குரல்! எட்டு வருஷமாக நான் தேடித் தேடிப் பழகிய இடத்திலிருந்து, எந்தப் பழக்கமும் இல்லாமல் அவருக்கு வந்தது. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் முறை.

"நாந்தான்யா அழைச்சேன்." என்னிடமும் உறுமல்தான் மிச்சமிருந்தது.

"எதுக்கு அழைச்ச?"

எதற்கு? நோய் நொடி, கல்யாணம் காட்சி என்று எதுவும் வாயில் வரவில்லை. "பாட்டு கேக்கதுக்கு" என்றேன்.

சாமி சிரித்தது. அரங்கம் அதிர அப்படியொரு சிரிப்பு. ஆஷிக்கைப் பார்த்து, "அடி" என்றது. அவன் அடித்தான். வெளியே பாங்கு சொல்லியிருப்பார்கள், நோன்பு திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. நாக்கு வறண்டு, விரலில் தோல் உரிந்து, ஆனாலும் கொட்டு பிசகவில்லை.

ராஜபாண்டிக்குத்தான் யோசனை வந்தது. அவன் அம்மா கிட்டார் பையில் போட்டு வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே குதித்து, அப்பா நெற்றியில் பூசினான். அப்பா மெல்ல அடங்கினார். பையன்கள் தாங்கி உட்கார வைத்தார்கள். சாமி மலையேறியது. அதற்குப் பிறகுதான் ஆஷிக் குச்சியைக் கீழே வைத்தான்.

யாரும் கை தட்டவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

யாரோ அப்பாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கி மூடியைத் திறந்தவர் குடிக்கவில்லை. வெளியே இருட்டியிருப்பதைக் கதவு வழியாகப் பார்த்தார். "ஏலே ஆஷிக், நோன்பு தொறந்தியா?" என்று பாட்டிலை அவனிடம் நீட்டினார்.

நேரத்தை மீறியதற்காக எங்களை நீக்கினார்கள். தானே நகரத்துக் குழு ஒன்று ஜெயித்தது, நல்ல குழுதான். தாடிக்காரர் மேடைக்குப் பின்னால் வந்து இந்தியில் கேட்டார்: "கடைசியில் வந்தாரே அந்த நடிகர், எங்கே பிடித்தீர்கள்? ஐடியா சூப்பர். நேரத்துக்குள் முடித்திருக்கலாம்."

"நடிகர் இல்லை. எங்க அப்பா" என்றேன்.

தோற்றுவிட்டோம். பெங்களூர் போச்சு. ஆனால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். உலகத்தில் எத்தனை மெட்டல் குழு இருக்கும்? எங்கள் பாட்டுக்குத்தான் சாமி வந்தது.

25 மார்ச்

அப்பா நேற்று முழுக்கத் தூங்கினார். இன்று வண்டி எடுத்தார். சாமி வந்தால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அங்கே இருந்த பையன் ஒருவன் வீடியோ அனுப்பியிருந்தான், காட்டப் போனேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாமிய செல்லுல பாக்கப்படாது. அழி."

அழித்துவிட்டேன். என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கோபமா? அனுமதி இல்லாமல் அழைத்தேனே, அதுவா? கேட்டுத் தொலைக்கவும் பயமாக இருக்கிறது.

31 மார்ச்

பெருநாள். ஆஷிக் வீட்டில் பிரியாணி. அவன் விரல் ஆறிவிட்டது. ராஜபாண்டி ஒரு வாரம் போனே எடுக்காமல் இருந்தவன், பிரியாணிக்கு மட்டும் வந்து சேர்ந்தான். இரண்டாவது தட்டு முடிந்ததும் சொன்னான்: "அக்கா, எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா ஒண்ணு, அன்னைக்கு மாதிரி நான் வாழ்க்கையில வாசிச்சதே இல்ல."

"வயிறு எரியுதது மிளகாக் காரம்லே" என்றேன்.

13 ஏப்ரல்

கொடைக்கு நாள் குறித்துவிட்டார்கள். சித்திரை கடைசி வெள்ளி. இன்று கொடைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன அப்பா சண்டை போட்டுவிட்டு வந்தார் என்று அம்மா சொல்கிறாள். என்ன சண்டை என்று அவளுக்கும் தெரியவில்லையாம். தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

பட்டறையில் வாசித்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டினார்கள். சத்தம் அதிகம் என்று யாரோ வந்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கலாம் என்று நான்தான் வரிந்து கட்டிக்கொண்டு போனேன்.

அப்பா நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. அப்பா கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம். கொடைக்கு மேளக்காரர்களை அழைக்கப் போகும்போது எடுத்துப் போகிற தட்டு.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மேளக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்பார், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் முன்னால் நிற்பார் என்று நினைத்ததில்லை.

"சாமிக்கு இந்த வருசம் உங்க கொட்டுதான் அழைப்பு. நீங்க எல்லாரும் வந்து நடத்திக் குடுக்கணும்" என்றார்.

நீங்க. பிறந்ததிலிருந்து 'ஏளா' என்று மட்டுமே கூப்பிட்டவர். குனிந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். ஆஷிக்கும் ராஜபாண்டியும் எனக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள்.

"எத்தனை பேரு வருவீக? சாப்பாட்டுக்குச் சொல்லணும்." மேளக்காரர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

"மூணு பேரு" என்றேன்.

"ஆஷிக்குக்கு சாமிக்குப் படைச்ச படப்புச் சோறு ஆகாது. அவுக கறிக்கடைக்காரர்ட்டயே ஆடு அறுக்கச் சொல்லி, தனி அடுப்புக்கு ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார். கமிட்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "கொட்டுக்காரவுகளப் பாத்துட்டோம், வாங்க, பந்தல்காரன் வீட்டுக்குப் போவோம்" என்று படியிறங்கிப் போனார்.